வேலை தூங்கும் இடம்

டிக்கோயாவில் பஸ் ஏறி ஹட்டனில் இறங்குவதற்குள் பெற்றீசியா தன் சின்னக் கொப்பியில் நாலைந்து எண்களை எழுதிவிடுவார். பஸ் ஓடிய நேரம் அதில் இருக்காது. நின்ற நேரம் மட்டும்தான். பேக்கரிப் பாண் பெட்டி இறக்க இரண்டு நிமிடம். எதிரே வந்த கொழுந்து லொறிக்கு வழிவிட நான்கு. டிரைவர் தன் மச்சானைக் கண்டு நிறுத்தி நலம் விசாரித்ததில் மூன்று. எழுதி முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பி, தேயிலை மேட்டில் பனிமூட்டம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்ப்பதாகப் பேர், மனசு எந்த மலையில் நடந்துகொண்டிருக்கும் என்று அவருக்கே தெரியாது. எல்லோரும் இறங்கிப் போன பிறகு, "மிஸ், ஹட்டன் வந்து அஞ்சு நிமிசமாச்சு" என்று கண்டக்டர் சொல்வது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். அந்த ஐந்து நிமிடத்தையும் எழுதிக்கொண்டுதான் இறங்குவார்.

வயது நாற்பத்திரண்டு. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, கொழும்பில் ஒன்பது வருடம் மென்பொருள் கம்பனியில் வேலை பார்த்து, அதே கம்பனி ஹட்டனில் ஒரு கிளை திறந்தபோது முதல் ஆளாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவர். கிளை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரு மாடி. படியேறும்போதே பெயின்ட் வாசமும் புதுக் கயிற்று வாசமும் கூடவே ஏறி வரும். அங்கே எட்டுப் பேர் உட்கார்ந்து, நாடு முழுக்க இருநூறு பார்மசிகளில் ஓடுகிற ஒரு மென்பொருளை எழுதுகிறார்கள், திருத்துகிறார்கள். எட்டுப் பேருமே தோட்டத்துப் பிள்ளைகள். அவர்களுக்குத் தலைவி பெற்றீசியா. எட்டுப் பேரும் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறார்கள், இன்னும் நன்றாகச் செய்ய என்ன வழி என்று அளந்து சொல்வதுதான் அவர் தொழில்.

இதைப் பக்கத்து வீட்டு வேலாயிக்கு விளக்க அவர் ஒருமுறை அரை மணி நேரம் பாடுபட்டார். பொறுமையாகக் கேட்டுவிட்டு வேலாயி சொன்னார், "அப்ப கங்காணின்னு ஒரு வார்த்தையில சொல்ல வேண்டியதுதானே." பெற்றீசியாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அன்று சோறு முழுதாக இறங்கவில்லை.

கங்காணி இல்லை என்று காட்டத்தானோ என்னவோ, அவர் ஆட்களை அளப்பதில்லை. கொழும்பிலிருந்து மனேஜர் மிலான் ஆரம்பத்தில் கேட்டது அதைத்தான்: யார் மாதத்துக்கு எத்தனை வேலை முடித்தார், முதல் ஆள் யார், கடைசி ஆள் யார். பெற்றீசியா சிங்களத்தில் பணிவாக மறுத்துவிட்டார். தராசு வைத்தால் கிலோதான் ஏறும், கொழுந்தோடு முற்றிய இலையும் சேர்ந்து ஏறும், அதைக் கொழுந்து பறித்த என் அம்மாவிடம் கேளுங்கள் என்றார். மிலானுக்கு அவர் அம்மாவைத் தெரியாது. இருந்தாலும் விட்டுவிட்டார்.

அதற்குப் பதில் பெற்றீசியா சுவரை எடுத்துக்கொண்டார். கணினியில் எல்லாம் இருந்தாலும், ஏதாவது ஒரு பார்மசி ஒரு மாற்றம் கேட்டால் அதற்கு ஒரு அட்டைத் துண்டு சுவரில் ஏறும். சுவரில் நான்கு கட்டம்: கேட்டது, எழுதுவது, பார்ப்பது, அனுப்பியது. சாயந்திரம் ஐந்து மணிக்கு அவரவர் தங்கள் அட்டையில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அன்று அதில் கை பட்டிருந்தால் நீலம். சும்மா கிடந்திருந்தால் சிவப்பு. இவ்வளவுதான் அவருடைய அளவை.

"வேலை செய்யிற நேரம் நம்ம கையில இருக்கு. அது தூங்குற நேரந்தான் யாரு கையிலயும் இல்ல" என்பார். புதிதாகச் சேர்கிற யாரும் முதல் நாளே இதைக் கேட்டுவிடுவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு மூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். ஜன்னலைச் சாத்த அவர் விடமாட்டார். எட்டுப் பேரில் ஒருத்தியான சுலக்ஷனா தன் சால்வையை எடுத்துக் கணினிக்குப் போர்த்திவிட்டு, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு தட்டிக்கொண்டிருப்பாள். அந்த வெள்ளை மங்கலில் பெற்றீசியா சுவருக்கு முன்னால் நின்று அட்டைகளோடு பேசுவார். "ஒம்பது நாளாச்சு, எந்திரிப்பா. ஒனக்குக் காத்துக்கிட்டு பண்டாரவளையில ஒரு மனுசன் இருக்காரு." கையிலிருக்கும் பிளேன்டீ ஆறிப் போயிருக்கும். சூடாக அவர் ஒரு தேத்தண்ணி குடித்ததை அந்த மாடியில் யாரும் கண்டதில்லை.

இவ்வளவு இளகிய மனுஷிக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. எந்த வேலையும் அவர் கண்ணில் படாமல் வெளியே போகக்கூடாது. ஒவ்வொரு வரியையும் அவர் படித்துப் பார்த்து, தலையசைத்த பிறகுதான் போகும். காரணம் இல்லாமலில்லை. மூன்று வருடத்துக்கு முன், மருந்துப் பக்கற்றில் ஒட்டுகிற சீட்டில் காலை என்று வரவேண்டிய இடத்தில் இரவு என்று அச்சாகிவிட்டது. இரண்டே கடை, ஒரே நாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெற்றீசியா அதன் பிறகு ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. பூனை சூடு கண்ட கதைதான். 'பார்ப்பது' என்ற கட்டம் முழுக்க முழுக்க அவருடையதானது அன்றிலிருந்து.

புள்ளி வைக்கத் தொடங்கிய மாதத்தில் அவருடைய அம்மாவுக்குக் கண்ணில் ஆப்பரேஷன். அரை நாள் ஆஸ்பத்திரி, அரை நாள் ஆபீஸ் என்று அலைந்தார். முதல் வாரம் சிவப்பெல்லாம் அவர் கட்டத்திலேயே விழுந்தது. லீவு போட்டதால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கட்டம் சுத்தமாகிவிட்டது. அவருக்கும் நிம்மதி.

ஆனால் எண் மட்டும் அசையவில்லை. ஒரு பார்மசிக்காரர் கேட்டதிலிருந்து அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை சராசரி பதினான்கு நாள். ஐந்து மாதம் கழித்தும் அதே பதினான்கு. சுவரைப் பார்த்தால் எழுதுகிற கட்டத்தில்தான் நீலப் புள்ளிகள் குவிந்து கிடந்தன. பிள்ளைகளுக்கு எழுதத்தான் நேரமெடுக்கிறது என்று பெற்றீசியா முடிவு கட்டினார். பெரிய வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரிக்கக் கற்றுக்கொடுத்தார். தேவையில்லாத கூட்டங்களை நிறுத்தினார். இருவர் இருவராக உட்காரவைத்துப் பார்த்தார். எதைச் செய்தும் பதினான்கு பதினான்காகவே நின்றது.

அந்த நிலையில்தான் மிலானின் கடிதம் வந்தது. ஆளை அளக்கமாட்டேன் என்று அவர் சொன்னாலும், அட்டையில் ஆளின் பெயர் இருந்ததே. மாதா மாதம் அனுப்பிய சுவரின் படங்களை மிலான் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். ஆகக் கூடுதலான நீலப் புள்ளி கஜேந்திரனுடைய அட்டைகளில்; ஒரு வேலையை எழுதி முடிக்க ஆக அதிக நாள் எடுப்பவன் அவன்தான் என்பது மிலானின் கணக்கு. அவனுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க வேண்டாமென்று நினைக்கிறேன், செவ்வாய்க்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

கஜேந்திரன் பொகவந்தலாவைப் பக்கத்துப் பையன். இருபத்திநாலு வயது. அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். முன்பு கொழும்பில் ஒரு புடவைக் கடையில் சாமான் கட்டிக்கொண்டே படித்து இந்த வேலைக்கு வந்தவன். இது போனால் திரும்ப அந்தக் கடைதான். வாய் பேசவே மாட்டான். பேசினால் ஒரு வசனம், அதிலும் பாதி "ம்". பெற்றீசியாவுக்கு அவன்மேல் தனிப் பிரியம் உண்டு. அதனாலேயே தன் கணிப்பை அவர் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கொப்பியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார். அக்கா கனவு காண்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். இந்தக் கனவுக்கார மனுஷிக்கு ஓரக்கண் நன்றாகத் தெரியும் என்பது பலருக்குத் தெரியாது.

பதினொரு மணிக்கு முன்பே கஜேந்திரன் வேலையை முடித்துவிட்டான். அழகாக முடித்திருந்தான். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான், சரியாக ஓடியது. அட்டையை எடுத்து அடுத்த கட்டத்துக்கு நகர்த்துவான் என்று பெற்றீசியா காத்திருந்தார். அவன் எழும்பவேயில்லை. வேறு வேலையைத் திறந்துகொண்டான். சாயந்திரம் ஐந்து மணிக்குப் போய், முடிந்துபோன அந்த அட்டையில், எழுதுகிற கட்டத்திலேயே வைத்து, ஒரு நீலப் புள்ளி வைத்தான்.

"அது முடிஞ்சிருச்சுல்ல?" என்று கேட்டார் பெற்றீசியா.

"இன்னும் கொஞ்சம் இருக்குங்கக்கா." அவன் பொய் சொல்லிப் பழகாதவன். காது சிவந்துவிட்டது.

அவனை விட்டுவிட்டு, படியிறங்கப் போன சுலக்ஷனாவைக் கூப்பிட்டு நிறுத்தினார். வந்த நாளிலிருந்து அவரோடு இருப்பவள் அவள்தான். முதலில் தெரியாது என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"மலையில செய்யிறதுதானேக்கா. ஒருத்தங்களுக்கு எடை கொறஞ்சா பக்கத்து நெரையில நிக்கிறவங்க ஒரு கை கொழுந்து அள்ளிப் போடுறதில்லையா. அம்மாவுக்கு கண்ணுன்னு நீங்க அலைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. செவப்பு பூரா ஒங்க கட்டத்துல விழுந்துச்சு. கொழும்புல அதப் பாத்தா என்னா நெனைப்பாங்க. அதான் ஆளுக்குக் கொஞ்சம் எங்க பக்கம் எடுத்துக்கிட்டோம்."

பெற்றீசியாவுக்கு அந்த வழக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாளுக்குக் குறித்த கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர். காய்ச்சலோடு மலைக்குப் போன அவருடைய அம்மாவுக்கு எத்தனையோ நாள் முழுப் பேர் விழுந்தது பக்கத்து நிரைக்காரிகளின் கைக்கொழுந்தால்தான். அது திருட்டென்று மலையில் யாரும் சொல்லமாட்டார்கள். அந்தத் தாய்மார் பெற்ற பிள்ளைகள், வேலையை முடித்து வைத்துக்கொண்டு, அக்காவுக்கு எப்போது கை ஓய்கிறது என்று பார்த்திருந்து, அன்றைக்கு மட்டும் அட்டையை அவர் கட்டத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள். காத்திருந்த நாளையெல்லாம் தங்கள் பேரில் நீலமாக ஏற்றிக்கொண்டார்கள். அம்மாவின் கண் குணமாகி நாலு மாதமாகியும் இந்தக் கைக்கொழுந்து நிற்கவில்லை.

முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. ஐந்து மாதம் தன்னைப் பொம்மையாக்கிவிட்டார்களே என்ற கோபம். அடுத்து வெட்கம். அதற்கும் அடுத்து வந்ததுதான் தாங்க முடியவில்லை. இந்த எட்டுப் பேரும் தன்மேல் இவ்வளவு அன்பாக இருந்திருக்கிறார்கள் என்பது. கண் கலங்குவதை அவர்கள் பார்க்கக்கூடாதென்று கீழே ஹாட்வெயார் கடைக்கு இறங்கிப் போய், பெயின்ட் நிற அட்டையைக் கையில் வாங்கிப் புரட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரர் செல்லசாமி, மிஸ் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறாராக்கும் என்று நினைத்து, ஒவ்வொரு நிறத்தின் குணத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுவர் பொய் சொன்னாலும் கணினி சொல்லாது. எந்த வேலையில் கடைசியாகக் கை பட்டது எந்த நாள், எந்த மணி என்று அதில் பதிந்திருக்கும். சனிக்கிழமை ஆளில்லாத ஆபீஸில் உட்கார்ந்து, ஐந்து மாதத்து அட்டைகளையும் அந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பதினான்கு நாளில் பிள்ளைகள் எழுதியது மூன்று நாள். பார்மசிக்காரரின் பதிலுக்கும் மற்றதற்கும் மூன்று நாள். மீதி எட்டு நாள், முடிந்துபோன வேலை பெற்றீசியாவின் கண்ணுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது. எட்டுப் பேரில் ஆக விரைவாக எழுதியவன் கஜேந்திரன். அவன் எழுதுவது ஆழமான இடங்கள். அவற்றைப் படிக்க அவருக்கு ஒரு நாள் முழுக்கக் கை ஓய வேண்டும்; அப்படியொரு நாளுக்காகத்தான் அவன் அட்டைகள் ஆகக் கூடுதலாகக் காத்துக் கிடந்தன. அவருடைய தாமதம்தான் அவன் பேரில் நீலமாக ஏறியிருந்தது.

மூட்டம் மேசைவரை வந்துவிட்டிருந்தது. அதற்குள் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, அட்டைகள் எல்லாம் ஆட்களாகி, பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறித்த கொழுந்தைச் சாக்கிலேயே விட்டால் தானாகச் சூடேறி வெந்துவிடும். பொழுது சாயும்வரை தராசை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிற கங்காணியைப் பற்றி அம்மா எத்தனை வசை பாடியிருக்கிறார். வேலாயி ஒரு வார்த்தையில் சொன்னது சரிதானோ என்று நினைத்தார்.

தப்பிக்க வழி இல்லாமலில்லை. பையன் தேறி வருகிறான் என்று இரண்டு வரி எழுதினால் மிலான் கேட்டுக்கொள்வார். புள்ளிகளை ஆளுக்குச் சமமாகப் பங்கு போட்டுவிட்டால் யாரும் கடைசியாக நிற்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முழுக்க அவர் இதைத்தான் யோசித்தார், பிரசங்கத்தில் ஒரு சொல் காதில் விழவில்லை. அப்படிச் செய்தால் பையன் பிழைப்பான். ஆனால் அடுத்த மாதம் வேறொரு பிள்ளை கடைசியில் நிற்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. உண்மையைச் சொல்லி, எல்லாவற்றையும் தானே பார்க்கிற அந்தத் தராசைக் கீழே வைத்துவிட்டால் தனக்கு அங்கே என்ன வேலை என்று அவருக்கு விளங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மிலானின் அழைப்பு வந்தபோது, அறைக் கதவைச் சாத்தாமல், எல்லோர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டார். பதினான்கில் எட்டு நாள் என்னுடையது என்று சிங்களத்தில் சொன்னார். மிலான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னார். சுவரில் இருந்தது தவறு, கணினிப் பதிவுகளை அனுப்பியிருக்கிறேன், கஜேந்திரனுடைய வரிகளை முதலில் பாருங்கள் என்றார். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மிலான், பையனின் ஒப்பந்தத்தில் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இனி யார் பார்ப்பது என்று கேட்டார். அவர்களே ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்பார்கள், நான் பார்க்கமாட்டேன் என்றார் பெற்றீசியா. அப்படியானால் நீங்கள் எதற்கு என்று மிலான் கேட்டது பாதி விளையாட்டு, பாதி விளையாட்டில்லை. எனக்கும் தெரியவில்லை, ஒரு மாதம் கொடுங்கள், அளந்து சொல்கிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எட்டுப் பேரும் எழும்பி நின்றுகொண்டிருந்தார்கள். பெற்றீசியாதான் பேசினார்.

"எனக்கு எடை கொறஞ்சா கொறஞ்சதாவே இருக்கட்டும். இனிமே யாரும் என் சாக்குல கொழுந்து போடக்கூடாது. போட்டா எனக்கு ஆத்திரம் வரும்."

அவருக்கு ஆத்திரம் வந்து யாரும் பார்த்ததில்லை. இருந்தாலும் சரிங்கக்கா என்றார்கள்.

மறுநாள் காலை கஜேந்திரன் ஒரு வேலையை முடித்தான். காலாவதித் திகதி நெருங்குகிற மருந்துகளைத் தனிப் பட்டியலாகக் காட்டுகிற மாற்றம். எட்டுப் பேரில் இன்னொருத்தியான லோஜினி அவன் பக்கத்தில் கதிரையைப் போட்டு, வரிவரியாகப் படித்தாள். இரண்டு கேள்வி கேட்டாள். ஒரு இடத்தில் அவன் திருத்தினான். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பெற்றீசியா பக்கம் திரும்பினான். பழக்கதோஷம்.

"அனுப்பவாக்கா?"

"என்னைய ஏன் கேக்குற? லோஜினி பாத்துட்டால்ல."

அவன் அனுப்பினான். இருநூறு பார்மசிகளுக்கும் போய்ச் சேர நான்கு நிமிடம் எடுக்கும். அதுவரை திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நீண்டுகொண்டே போகும். எல்லோர் திரையிலும் தெரியும், பெற்றீசியாவின் திரையிலும். வேண்டாமென்றால் அவர் மேசையிலிருந்தே ஒரு விசையைத் தட்டி நிறுத்திவிடலாம். அதற்கு அதிகாரம் அந்த மாடியில் அவருக்கு மட்டும்தான். படிக்காத ஒரு வேலை தன்னைக் கடந்து போவதை மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு பாதியைத் தாண்டியது. அவர் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்தார். இரண்டையும் தொடைக்குக் கீழே செருகி, அவற்றின்மேல் கனமாக உட்கார்ந்துகொண்டு, கோடு நிறையும்வரை அப்படியே இருந்தார்.